மாஸ்டர் சாப்பிட்ட பிறகுதான் சோறு

அம்மாவுக்கு,

உன் கடைக்குட்டி எழுதுவது. அடுப்பில் சோறு கொதிக்கிறது. அப்பா நம் கேன்டீன் சமையலறையில் நின்று காய் நறுக்கும் சித்தியைத் திட்டுவது நான் உட்கார்ந்திருக்கும் கிடங்கு அறை வரைக்கும் கேட்கிறது. ஆள் நிற்கிறார், திட்டுகிறார். இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள், பிறகு மற்றதைப் படி. படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டினாயோ, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அக்கா எப்போதும் போனை ஸ்பீக்கரில்தான் போடுகிறாள். பச்சை உடம்புக்காரி, பாதி கேட்டாலே அழுதுவிடுவாள். இந்தப் பக்கம் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்லாதே, சொல்லாதே என்று கையை ஆட்டுகிறார். அதனால்தான் கடிதம். அக்கா ஊருக்குத் தொலைதூர பஸ் ஓட்டும் நம் டிப்போ மீசைக்காரர் கையோடு கொண்டுவந்து தருவார். பதிலையும் அவரிடமே கொடுத்து அனுப்பு. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வாய் போகிற போக்கில் கை போகிறது, பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். போன வாரம் அப்பா அடுப்படியில் விழுந்துவிட்டார். சுடவில்லை, அடியும் படவில்லை. மத்தியானப் பந்தி முழுக்க முடிந்து, கடைசி ஆள் கை கழுவிய பிறகு, வழக்கம்போல் தன் தட்டை எடுத்து மலை மாதிரி சோற்றைக் குவித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்றா சொன்னேன், உள்ளே தள்ளினார். ஐஸ் போட்ட சோடாவை ஒரே மூச்சில் குடித்தார். அரிசி மூட்டை மேல் மல்லாந்து படுத்தார். சாயங்கால டீக்குப் பால் வைக்க எழுந்தவர் அடுப்பு மேடையைப் பிடித்தபடியே சறுக்கி உட்கார்ந்துவிட்டார். கரண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முகம் வெளிறிப்போய், கோணிக்குள் போட்ட கோழி மாதிரி நெஞ்சு எகிறுகிறது என்றார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு அடி ஓடி வருகிறது, பிறகு ஆளைக் காணோம், பிறகு மூன்று சேர்ந்தாற்போல் வந்து மோதுகிறது. ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

ஃபோர்மேன்தான் பஸ் ஒர்க்ஷாப்பிலிருந்து ஓடிவந்து, இரண்டு மெக்கானிக்குகளோடு தூக்கி வண்டியில் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மார்பில் ஒயர் ஒட்டி எடுத்த படத்தில் ஒரு குறையும் இல்லை. அங்கிருந்த சின்ன டாக்டர் வாயு என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார். திரும்பி வரும் வழியில் ஃபோர்மேனின் நக்கலைக் கேட்க வேண்டுமே: "மாஸ்டர், பொண்டாட்டி ஊருக்குப் போனா நெஞ்சு அடிச்சுக்கத்தான் செய்யும். அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி, ஒரு போன் போடுங்க." அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து விடாமல் குடைந்த பிறகுதான் சொன்னார், இது முதல் தடவை இல்லையாம். நீ போன நாளிலிருந்து விட்டு விட்டு வருகிறதாம். சாப்பிட்ட பிறகு மட்டும்தான் வருகிறதாம். கமுக்கமாக இருந்திருக்கிறார்.

டிப்போ மேனேஜர் அன்றைக்கே கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்தவில்லை. கொதிக்கிற அண்டா முன்னால் எப்போது விழுவார் என்று தெரியாத ஆளை நிற்க வைக்க முடியாது என்றார். அடுப்படியில் நிற்கலாம் என்று இருதய டாக்டர் எழுதிக் கொடுத்தால் கேன்டீன் அப்பா கையில். இல்லையென்றால் அடுத்த குத்தகைக்கு வேறு ஆள். அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்து நேராகப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். அவர் பாத்திரம் தேய்த்து நான் பார்த்ததே இல்லை. அந்த அடுப்பை எடுத்துவிட்டால் இந்த மனுஷனிடம் என்ன மிஞ்சும், நீயே சொல்.

சரி என்று இருதய டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன மெஷின் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க நெஞ்சு அடிப்பதை எல்லாம் பதிவு செய்துகொள்ளுமாம். எப்போதும் போல் இருங்கள், கோளாறு தெரிந்தால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது நம் வீட்டு லட்சணத்தைக் கேள். கேன்டீனுக்குச் சுகாதார ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்றால் நாம் என்ன செய்வோம்? சுவரைத் தேய்ப்போம், பழைய துணியை ஒளிப்போம், புது ஏப்ரன் கட்டுவோம். அப்பா அதையே தன் நெஞ்சுக்குச் செய்துவிட்டார். கேன்டீனுக்கு லீவு விட்டார். இஸ்திரி போட்ட சட்டை. காலையில் கஞ்சி, ஸ்பூனால், ஊதி ஊதி. மத்தியானம் நேரத்துக்குக் கொஞ்சம் சோறும் கீரையும். சோடா கிடையாது, படுக்கை கிடையாது. முன்னறை நாற்காலியில் முதுகை நிமிர்த்திப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நாள் பூராவும் உட்கார்ந்திருந்தார். யாரையும் திட்டக்கூட இல்லை. நானும் சித்தியும் பக்கத்தில் விசிறாத குறை.

ரிப்போர்ட் பளபளவென்று வந்தது. ஒரு துடிப்புகூட தப்பவில்லை. வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி அதை நீட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்றார் அப்பா. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அப்பா பெருமையாக எல்லாவற்றையும் ஒப்பித்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "ஐயா, நீங்க யாரோட நெஞ்சை எனக்குக் காட்டினீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விழுந்தவருக்கு என்ன என்று தெரியாமல் நிற்கலாம் என்றும் எழுத மாட்டேன், கூடாது என்றும் எழுத மாட்டேன் என்று முடித்துவிட்டார்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. நீ இங்கே இருந்தவரைக்கும் அப்பாவுக்கு இது வந்ததா? வரவில்லையென்றால் அவர் அப்போது எப்படிச் சாப்பிட்டார்? அப்போதும் கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் தட்டை எடுத்தார், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னவோ வேறு மாதிரி இருந்திருக்கிறது. உனக்குத்தான் தெரியும்.

கிளம்பி மட்டும் வராதே. அக்காவுக்குத் தையல் ஆறவில்லை, பிள்ளையை நீதான் குளிப்பாட்டுகிறாய் என்று தெரியும். காலேஜைப் பாதியில் விட்டவள், டைப்பிங்கைப் பாதியில் விட்டவள், இதையும் பாதியில் விடுவாள் என்று நினைக்காதே. நினைத்தாலும் எழுதாதே.

பிள்ளையின் உள்ளங்காலுக்கு என் முத்தம்.

உன் அவசரக்குடுக்கை


அம்மாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. மீசைக்காரர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போனார். படித்துவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அடிப்பாவி அம்மா, இத்தனை வருஷமும் இந்த வேலையா பார்த்திருக்கிறாய்?

நீ எழுதியதை டாக்டரம்மாவுக்கு வரி மாறாமல் படித்துக் காட்டினேன். வந்தவர்கள் சாப்பிடாமல் தான் சாப்பிடுவதில்லை என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால் நீ, உப்புப் பாருங்க, காரம் பாருங்க, வெந்திருக்கா பாருங்க என்று காலையிலிருந்து கிண்ணம் கிண்ணமாக நீட்டிக்கொண்டே இருந்ததும், ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது என்று அவரும் நம்பி விழுங்கியதும், மத்தியானம் தட்டில் பாதிச் சோறு மிஞ்சியதும், எல்லாவற்றையும்தான். சாப்பிட்டதும் படுக்க விடாமல் சந்தைக்குத் துரத்துவாயே, அதையும் சொன்னேன். "அவர் வயிறு காயக்கூடாதுன்னுதான் செஞ்சேன், நெஞ்சுக்குன்னு நான் என்னத்தைக் கண்டேன்" என்று நீ எழுதிய இடத்தில் டாக்டரம்மா சிரித்துவிட்டார். உன் அம்மா ஊருக்குப் போனதுதான் அவருக்கு வந்த நோய் என்றார். ஃபோர்மேன் சொன்னதில் தப்பில்லை.

நானும் உன் தந்திரத்தைச் செய்துபார்த்தேன் என்று நினைத்துச் சிரிக்காதே. செய்துதான் பார்த்தேன். பருப்பைக் கிண்ணம் நிறைய எடுத்துப்போய், அப்பா, உப்பு இருக்கா பாருங்க என்றேன். உள்ளங்கையில் ஒரே ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டு, "இருக்கு, போ" என்றார். அடுத்த தடவை வேண்டுமென்றே உப்பை விட்டுவிட்டுக் கொடுத்தேன். அப்போதும் ஒரு சொட்டுதான், கூடவே தலையில் ஒரு குட்டு. அந்தக் கிண்ணத்தை நீ நீட்டினால்தான் செல்லும் போலிருக்கிறது.

ஆனாலும் யூகத்தை நம்பி மருந்து கொடுக்க முடியாது, அந்தத் துடிப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மறுபடியும் மெஷின். இந்தத் தடவை உண்மையான நாளில். மோசமாக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், தினமும் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள் என்றார். தலை சுற்றினால் எங்கே உட்கார வேண்டும், கண் இருட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்று எனக்குத் தனியாகப் பாடம் நடத்தினார். காலேஜில் இவ்வளவு கவனமாக நான் எதையும் கேட்டதில்லை.

அப்பா மசியவில்லை. படித்தவங்க முன்னாடி போய் நான் மாடு மாதிரி தின்கிறதைக் காட்டணுமா என்று கத்தினார். நான் பதிலுக்குக் கத்தினேன். சித்தி இரண்டு பேரையும் பார்த்துக் கத்தினாள். சத்தம் கேட்டு ஃபோர்மேன் கையில் கிரீஸோடு வந்துவிட்டார். அவர்தான் நியாயத்தைப் போட்டு உடைத்தார். "மாஸ்டர், டிரைவர் வந்து வண்டியில சத்தம் வருதுங்கறான். நான் ஏறி டிப்போவுக்குள்ள ஒரு சுத்து சுத்தினா கம்முனு இருக்குது. அதுக்காகச் சத்தமே இல்லன்னு எழுதிக் கொடுத்துடுவேனா? எந்த மேட்டுல சத்தம் வருதோ அந்த மேட்டுக்கு வண்டியை ஓட்டிட்டுப் போனாத்தான் எனக்குப் பிடிபடும். உங்க மேடு மத்தியானப் பந்திதானே? போட்டுக்கிட்டு ஏறுங்க." அப்பா அவரை முறைத்துவிட்டு, மெஷின் கறை படாமல் எப்படிக் கட்டுவது என்று என்னிடம் கேட்டார். என் உச்சி குளிர்ந்துவிட்டது.

சம்பள நாளாகப் பார்த்து மெஷினை மாட்டிக்கொண்டு வந்தோம். அன்றைக்கு டிப்போவே கேன்டீனில்தான் இருக்கும், உனக்குத் தெரியாததா. காலையிலிருந்து ஒரு டீயைத் தவிர அவர் வாயில் எதுவும் போகவில்லை. பந்தி மேல் பந்தி. ஏப்ரனுக்கு அடியில் மெஷின், அதற்கு மேல் நான் கட்டிய பாலித்தீன் பை. மெக்கானிக்குகள் எல்லாம், மாஸ்டர் வயிற்றில் ரேடியோ கட்டியிருக்கார், பாட்டு மாத்துங்க மாஸ்டர் என்று ஓட்டித் தள்ளினார்கள். கடைசி ஆள் எழுந்தார். அப்பா தட்டை எடுத்தார். அம்மா, ஒருவர் தப்பாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தட்டைப் பிடுங்கிவிடத்தான் கை பரபரத்தது. சோறு போனது, சோடா போனது, மூட்டை மேல் மல்லாந்தார். பெரிய அடுப்பை முன்னமே அணைத்துவிட்டேன். ஃபோர்மேன் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார், இன்றைக்கும் போச்சு என்றுதான் நினைத்தேன். திடீரென்று கையை வயிற்றுக்குக் கொண்டுபோய் அந்தப் பொத்தானைக் கண்டக்டர் பெல் அடிப்பது மாதிரி இரண்டு தடவை அழுத்தினார். ஃபோர்மேன் ஏப்பத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ரைட், போலாம்" என்றார். அந்த நேரத்திலும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளிறிய முகத்தோடு சிரித்தார். எழுப்பிச் சாய்ந்த மாதிரி உட்கார வைத்தேன். மூச்சை மெதுவாக விடச் சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கண் இருட்டுதா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லை, வெறும் ஓட்டம்தான் என்றார். சித்தி டீ போட்டு எல்லாருக்கும் ஊற்றி முடிப்பதற்குள் நெஞ்சுக் கோழி அடங்கிவிட்டது.

மறுநாள் டாக்டரம்மா நீளமான தாளை மேஜை மேல் விரித்து எங்களைக் கிட்டே வரச் சொன்னார். காலை முழுக்க வரிசை வரிசையாக, நூல் பிடித்த மாதிரி போகிறது. மத்தியானத்துக்கு மேல் திடீரென்று தாறுமாறு. ஒன்று நெருங்கி, ஒன்று தள்ளி, கூட்ட நேரத்து பஸ் மாதிரி. அப்பா பொத்தானை அழுத்திய இடத்தில் ஒரு சின்னக் குறி. "பிடிச்சிட்டோம்" என்றார் டாக்டரம்மா. பிடித்துவிட்டோம் அம்மா. வாயுவும் இல்லை, பிரமையும் இல்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். இருதயத்தின் மேல் அறைகள் இரண்டும் சில நேரம் தாளம் தப்பி வெறுமனே துடிதுடிக்கின்றன. கீழ் அறைகளுக்கு எந்தத் துடிப்பைக் கேட்பது என்று தெரியாமல் இஷ்டத்துக்கு அடிக்கின்றன. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் ஒரே நரம்பு போகிறதாம். நாள் பூரா காயப்போட்ட வயிற்றில் ஒரே நேரத்தில் பாரத்தை இறக்கி, மேலே ஐஸை ஊற்றி, மல்லாந்தும் படுத்தால், சிலருக்கு அந்த நரம்பு நெஞ்சைக் கிளறிவிடுகிறது. எல்லாருக்கும் இப்படி இல்லை. அப்பாவுக்கு இருக்கிறது.

தாளத்துக்கு ஒரு மாத்திரை, ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை, உட்கார்ந்து, மென்று. ஐஸ் சோடாவுக்கு முழுக்குப் போட வேண்டும். சாப்பிட்டதும் படுக்காமல் நடக்க வேண்டும். இப்படியே இருந்துவிட்டு வந்தால் மறுபடியும் மெஷின். அதைப் பார்த்துக் கையெழுத்து. முழுசாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், அடக்கி வைக்கலாம் என்றார். அடக்கி வைப்பது எனக்குப் போதும். என்னையே நீ அப்படித்தானே வளர்த்தாய்.

அப்பா நன்றாகத் தூங்குகிறார். அக்காவிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே.

வெற்றியோடு,
உன் அவசரக்குடுக்கை


அம்மாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். மேனேஜர் பார்த்துவிட்டார். கேன்டீன் நம்முடையது. இதைச் சத்தமாக அக்காவுக்குப் படித்துக் காட்டலாம், இனி அழுதால் அழட்டும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மாத்திரையை அப்பா ஒழுங்காகப் போட்டார். சோடாவை விட்டார். படுக்கையை விட்டு நடையும் நடந்தார், டிப்போவைச் சுற்றிச் சுற்றி, வாட்ச்மேன் பயந்துபோகும் அளவுக்கு. சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. பத்துப் பேர் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது சமைத்தவன் வாயில் சோற்றை வைப்பதா, அதைவிட அடுப்பை விட்டே போய்விடலாம் என்றார். நான் தட்டை மேஜையில் வைத்தால் அதை எடுத்துக்கொண்டு கிடங்கு அறைக்குள் ஓடுவார். அங்கே மூட்டைகளுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்து, திருட்டுப் பூனை மாதிரி அவசர அவசரமாக விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். இரண்டு முறை அங்கேயே நெஞ்சு எகிறியது. மெல்லவில்லை, உட்காரவில்லை, எப்படி அடங்கும்? கெஞ்சினேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். தலைகீழாக நின்றும் கேட்கவில்லை. மறுபடியும் மெஷின் மாட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இந்த மனுஷனுக்குத் தன் நெஞ்சு பெரிதில்லை, மற்றவர்கள் வயிறுதான் பெரிது. அப்படியென்றால் அங்கேதான் பிடிக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் முதல் பந்திக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் கூடத்தின் நடு மேஜையில் ஒரு சின்னத் தட்டு வைத்தேன். கொஞ்சம் சோறு, பருப்பு, ஒரு முட்டை. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வரும் வழியில், கையில் பெரிய கரண்டியோடு நின்றுகொண்டேன். மாஸ்டர் சாப்பிட்ட பிறகுதான் சோறு என்றேன். அதற்கு முன்னால் ஒரு பருக்கை வெளியே போகாது, யார் வேண்டுமானாலும் கத்திக்கொள்ளுங்கள் என்றேன்.

கத்தினார்கள். ஒரு கண்டக்டர், "பாப்பா, எங்க பசியில விளையாடாதே" என்றார். விளையாடுவது நானில்லை, உங்கள் மாஸ்டர் என்றேன். அப்பா உள்ளேயிருந்து பாய்ந்து வந்து, "வழியை விடு, மானத்தை வாங்காதே" என்று பல்லைக் கடித்தார். நான் விடவில்லை. சித்தி பின்கதவைச் சாத்திக்கொண்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவளிடம் நான் சொல்லக்கூட இல்லை. ஃபோர்மேனுக்கு விஷயம் ஒரே நொடியில் பிடிபட்டுவிட்டது. தட்டைத் தட்டிக்கொண்டே, "மாஸ்டர், எனக்குக் குடல் குடலைத் தின்னுது. நீங்க உக்காந்தாத்தான் இந்தப் பொண்ணு கரண்டியை இறக்குவா. எங்களைப் பட்டினி போட்ட பாவம் உங்களுக்கு வேணாம்" என்றார். வண்டி எடுக்க வேண்டிய டிரைவர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டி, "எனக்கு டைம் ஆகுது, ரோட்டுல ஜனம் நிக்குது, சாப்பிட்டுத் தொலைங்க மாஸ்டர்" என்று கும்பிட்டார்.

அப்பா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வெறும் தட்டுகள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வாழ்நாளில் அவர் காணச் சகிக்காத காட்சி அது ஒன்றுதான். உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து அவசரமாக உருட்டினார். உடனே ஃபோர்மேன், "மெல்லணும், மெல்லாத சோறு கணக்குல வராது" என்றார். ஒர்க்ஷாப் மேஜை முழுக்க மெல்லுங்க, மெல்லுங்க என்று தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் மென்றார். மாடு அசை போடுவது மாதிரி, நிதானமாக, எல்லாரையும் முறைத்துக்கொண்டே மென்றார். முட்டையைச் சாப்பிட்டார். தட்டை வழித்தார். எழுந்து கை கழுவினார். நான் கரண்டியை இறக்கினேன். கூடமே கைதட்டியது அம்மா. அந்த வண்டி அன்றைக்குத் தாமதமாகத்தான் கிளம்பியது. மேனேஜர் காரணம் கேட்டதற்கு, மாஸ்டர் மென்றுகொண்டிருந்தார் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். மேனேஜர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சரி, சரி என்றாராம்.

இப்போது அது கேன்டீன் சட்டமாகிவிட்டது. நான் கரண்டியோடு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. டிபனுக்கு ஒரு தட்டு, மத்தியானப் பந்திக்கு முன்னால் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு. வருகிற ஆட்களே மாஸ்டர் ஆச்சா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நேற்று புதிதாக வந்த கிளீனர் பையன் ஒருவன் கேட்காமல் தட்டை நீட்டிவிட்டான், எல்லாரும் சேர்ந்து அவனை ஒரு பிடி பிடித்துவிட்டார்கள். அப்பாவும் முன்போல் கூச்சப்படுவதில்லை. உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, அந்தப் பக்கம் பருப்பு கெட்டியாக இருக்கிறது, கவனி என்று என்னை வேலை வாங்குகிறார். தன் சமையலைத் தட்டில் வைத்து முழுசாகச் சாப்பிட்டு வருஷக்கணக்காகிறதாம். நன்றாகத்தான் சமைக்கிறேன் என்றார் போன வாரம். ஆச்சரியமாகச் சொன்னார்.

மூன்றாவது தடவை மெஷின் மாட்டியதும் ஒரு வேலை நாளில்தான். இஸ்திரி சட்டை இல்லை, நாற்காலி இல்லை. அடுப்பு, பந்தி, திட்டு எல்லாம் அப்படியே. சாப்பாட்டில் மட்டும் மாற்றம். தாள் முழுக்க நூல் பிடித்த கோடு. ஓரிடத்தில் மட்டும் சின்னதாக ஒரு தடுமாற்றம், உடனே சரியாகிவிட்டது. அது சித்தி எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்த நேரம், யாருக்காக இருந்தாலும் துடிக்கும் என்றேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். நெஞ்சு ஓடினால் அடுப்பை விட்டு விலகி உட்கார வேண்டும், அந்த நேரத்துக்கு வேறு ஆள் நிற்க வேண்டும் என்று நிபந்தனை. வேறு ஆள் யார் என்று மேனேஜர் கேட்டார். அப்பா என்னைக் கைகாட்டி, "இவ நிப்பா. எடுத்ததை முடிக்கிற ஆள்" என்றார். எனக்குத் தெரிந்து என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் உடனே வெளியே வந்து மீசைக்காரர் வண்டி எப்போது என்று விசாரித்தேன், உனக்கு எழுதுவதற்கு.

திரும்பவும் வரும், அம்மா. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வந்தால் உட்காருவார், நான் அடுப்பில் நிற்பேன், அது போகும், எழுந்து வந்து நான் செய்ததில் குறை சொல்வார். அவ்வளவுதான். பயம் போய்விட்டது.

இனி உன் விஷயம். மீசைக்காரர் போன தடவை கடிதம் கொடுக்க வந்தபோது அங்கே வெயில் சாய்ந்துவிட்டதாமே. நீ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நின்றபடியே சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாயாம். காலையிலிருந்து அதுதான் முதல் சோறு என்று அக்கா சொன்னாளாம். நேற்று அப்பா சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "நான் சாப்பிட்டப்புறம்தான் அவ சாப்பிடுவா. நானே கடைசி ஆளு. அவ எப்பதான் சாப்பிட்டா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அவர் எழுந்திருக்கவில்லை, மிச்சத்தை மெதுவாக மென்று முடித்தார். பிறகு, கடிதத்தில் எழுது என்று மட்டும் சொன்னார். என்ன எழுதுவது என்று சொல்லவில்லை.

அதனால் நானே எழுதுகிறேன். அவசரமாக வர வேண்டாம், பிள்ளை தலை நின்ற பிறகு வா. ஆனால் நாளைக்கு அங்கே சோறு வெந்ததும் முதல் தட்டை நீ போட்டுக்கொள். பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடு. மற்றவர்கள் காத்திருக்கட்டும், காத்திருந்தால் யாரும் குறைந்துபோக மாட்டார்கள், இங்கே ஒரு டிப்போவே காத்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அதைப் படிக்க இங்கே இரண்டு பேர் இருக்கிறோம்.

உன் அவசரக்குடுக்கை